வேலிக்குள் பொது: நாய்ப் பூங்காவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நாய்களுக்கென்று தனியாக ஒரு பூங்கா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் வருவது சிரிப்பு. அடுத்து வருவது கோபம். 'மனுஷனுக்கே ஒதுங்க இடமில்ல, நாய்க்குப் பார்க் கேக்குதா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நியாயத்தோடு நின்றுவிட்டால் ஒரு முக்கியமான வரலாற்றைத் தவறவிட்டுவிடுவோம். நிலம் யாருடையது, 'பொது' என்கிற சொல் யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, ஓரிடத்தைப் பராமரிப்பவருக்கு அதன்மேல் என்ன உரிமை – வேறு இடங்களில் நாம் அவ்வளவு தீவிரமாக விவாதிக்கிற இந்தக் கேள்விகள் எல்லாம் நாய்ப் பூங்கா என்கிற இந்த அற்பச் சமாச்சாரத்துக்குள்ளும் கிடக்கின்றன.

முதலில் நாய்ப் பூங்கா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பொதுப் பூங்காவின் ஒரு மூலையில் வேலி போட்டு அடைத்த ஒரு துண்டு நிலம். உள்ளே போக அடுத்தடுத்து இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்து, சாத்தி, நாயின் கழுத்துவாரை அவிழ்த்துவிட்டு, பிறகு இரண்டாவதைத் திறக்க வேண்டும். எந்த நாயும் தெருவுக்கு ஓடிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய், சில பெஞ்சுகள், சேறாகாமல் இருக்கத் தரையில் மரச்சீவல், நாய்ப்பீயை அள்ளிப் போடப் பைகளும் ஒரு தொட்டியும். வாசலில் ஒரு பலகை: தடுப்பூசி போடாத நாய் வரக்கூடாது, சண்டைக்கார நாயை உடனே வெளியே கொண்டுபோக வேண்டும், உன் நாய் போட்டதை நீயே அள்ள வேண்டும். அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் இடம் மாநகராட்சியுடையது; அன்றாட வேலைகளில் பெரும்பகுதி அங்கே வந்துபோகிறவர்களுடையது.

இந்த எளிய ஏற்பாட்டின் வரலாற்றை அமெரிக்காவின் இரண்டு நகரங்களை வைத்துப் பார்க்கலாம். ஒன்று பெர்க்கிலி, மற்றது நியூயார்க். ஒன்றில் மக்கள் பறித்துக்கொண்ட நிலத்தில் நாய்க்கு இடம் கிடைத்தது. மற்றதில் மக்களை விரட்டிய நாளில் நாயின் கதவு மட்டும் திறந்திருந்தது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நம் கேள்வி இருக்கிறது.

2

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நாயைக் கட்டுப்படுத்துகிற சட்டம் பல சமயங்களில் நாய்க்காரரைக் கட்டுப்படுத்துகிற சட்டமாகவும் இருந்திருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் 'வனம்' என்பது மரங்கள் அடர்ந்த இடத்தின் பெயர் மட்டுமல்ல. அரசன் வேட்டையாடுவதற்காகத் தனிச்சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட பரப்பு அது. அதற்குள் கிராமங்கள் இருந்தன; விறகும் மேய்ச்சலும் நம்பி வாழ்ந்த குடியானவர்கள் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த பெரிய காவல் நாய்கள் அரசனின் மான்களைத் துரத்திவிடக் கூடாது. அதற்கு என்ன வழி? நாயின் முன்னங்கால் நகங்கள் மூன்றை வெட்டிவிடுவது. 1217ஆம் ஆண்டின் வன சாசனம் இந்தக் கொடுமையை ஒழிக்கவில்லை, வரையறுத்தது. எங்கே வெட்டலாம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சோதனை செய்யலாம், வெட்டாத நாயின் சொந்தக்காரன் எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்று விதி செய்தது. அதே சாசனம்தான் எளிய மக்களின் மேய்ச்சல் உரிமைகளையும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. பொதுநில உரிமையும் நாயின் கால் நகமும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றது தற்செயல் அல்ல. அரசனின் மானுக்கும் குடியானவனின் வயிற்றுக்கும் நடுவில் அந்த நாய் நின்றது.

நவீன நகரத்தில் மான் இல்லை, சுகாதாரம் இருக்கிறது. வெறிநாய்க்கடி என்கிற உண்மையான அச்சமும் இருக்கிறது. நாயை வாரில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் பொது விதியாகிப்போனது. 1970களில் பிரச்சினை பல்லிலிருந்து மலத்துக்கு நகர்ந்தது. நியூயார்க்கில் குழந்தைகளின் ஆரோக்கியத்தை முன்வைத்து நாய்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது. கடைசியில் 1978 ஆகஸ்ட் 1 முதல், தன் நாய் போட்டதைத் தானே அள்ள வேண்டும் என்கிற மாநிலச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. 'சட்டையும் டையும் போட்டவன் குனிந்து நாய்ப்பீ அள்ளுவானா?' என்று பலர் கேலி செய்தார்கள். அள்ளினார்கள்.

இதை வெறும் ஒழுங்குபடுத்தலாக மட்டும் பார்க்கலாம். அதிகாரம் உடல்களுக்குள் இறங்கி, கையில் ஒரு பையைக் கொடுத்து, குனிய வைக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எழுதினால் தப்பும் இல்லை. ஆனால் இதில் இன்னொன்றும் நடந்தது. அள்ளத் தொடங்கிய நாய்க்காரர் அதே கையோடு ஒரு கோரிக்கையையும் வைக்கத் தொடங்கினார்: 'என் கடமையை நான் செய்கிறேன். என் நாய் அவிழ்ந்து ஓட ஓர் இடம் கொடு.' கடமை என்று மேலிருந்து இறக்கப்பட்டது கீழே உரிமைக்கான வாதமாக மாறியது.

3

இனி பெர்க்கிலி. அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பரவலாகச் சொல்லப்படுவது கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி நகரில், ஒலோனி பூங்காவின் ஒரு பகுதியில் 1979இல் பரிசோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. அரை ஏக்கர் அளவு இடம். ஆனால் அந்த அரை ஏக்கருக்கு அடியில் எத்தனை அடுக்குகள் என்று பார்க்க வேண்டும்.

1960களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்குப் புதிய 'பார்ட்' ரயில் பாதை திட்டமிடப்பட்டது. பெர்க்கிலியின் பெரும்பகுதியில் தூண்கள்மேல் பாதை போவதாக இருந்தது. அப்படிப் போனால் கறுப்பர்கள் வாழ்ந்த தாழ்நிலப் பகுதிக்கும் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே அது ஒரு சுவராகிவிடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1966இல் பெர்க்கிலி வாக்காளர்கள் கூடுதல் செலவைத் தாங்களே வரியாக ஏற்று, பாதையைப் பூமிக்கு அடியில் கொண்டுபோக வைத்தார்கள். இது ஒரு வெற்றி. ஆனால் சுரங்கம் தோண்ட ஹர்ஸ்ட் அவென்யூ ஓரமாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. சுரங்கத்தை மூடியபின் மேலே நீண்ட வெற்று நிலம் மிஞ்சியது.

இதே காலத்தில், நகரின் இன்னொரு பக்கத்தில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் வீடுகளைக் கையகப்படுத்தி இடித்து, நிலத்தைச் சேறும் சகதியுமாகப் போட்டு வைத்திருந்தது. 1969 ஏப்ரல் 20 அன்று மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் அதில் இறங்கிச் செடி நட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதுதான் 'மக்கள் பூங்கா'. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 15 விடியற்காலையில் போலீஸ் வந்து வேலி போட்டது. அன்று மதியம் திரண்டு வந்தவர்கள்மீது ஷெரிஃபின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். கூரைமேல் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் குண்டடிபட்டு மே 19 அன்று இறந்தார். ஆலன் பிளான்சார்ட் என்பவர் பார்வை இழந்தார். ஆளுநர் ரொனால்ட் ரீகன் தேசியக் காவல் படையை இறக்கினார். ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப் புகை பொழிந்தது. ஒரு துண்டு நிலத்தில் செடி வைத்ததற்கு.

வேலிக்கு வெளியே துரத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஹர்ஸ்ட் அவென்யூவில் சும்மா கிடந்த அந்த ரயில் நிலத்துக்குப் போய் அங்கே செடி நட்டார்கள். 'மக்கள் பூங்காவின் இணைப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்டடங்கள் வருவதை எதிர்த்து அந்த நிலம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று 1970கள் நெடுகிலும் போராடினார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்டதுதான் இன்றைய ஒலோனி பூங்கா. அந்த நிலத்தின் ஒரு மூலையில்தான் வாரை அவிழ்த்துவிட நாய்க்காரர்களுக்கு இடம் கிடைத்தது. இந்தப் போராட்டம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அடுக்குமாடிகள் நின்றிருக்கும். நாய்ப் பூங்கா நகராட்சியின் கருணையால் வந்தது என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் இங்கேயும் நாம் நின்றுவிட முடியாது. 'ஒலோனி' என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். அவர்களைச் சேர்ந்தவர்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று 1925இல் எழுதியவர் அதே பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர். அவர்கள் அழியவில்லை. அவர்களில் முவெக்மா ஒலோனி மக்கள் 1920களில் இழந்த கூட்டாட்சி அங்கீகாரத்தைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இருக்கிற மக்களை இல்லை என்று சொல்லிவிட்டு, பூங்காவுக்கு அவர்கள் பெயரை வைப்பது – இதன் விசித்திரம் நமக்குப் புதிது அல்ல. சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்குப் பலகையில் ஓர் இடம் கிடைக்கிறது.

பெயரோடு நிற்காத ஒரு திருப்பமும் பெர்க்கிலியில் நடந்தது. ஒலோனி மக்களின் மூதாதையர் புதைக்கப்பட்ட மேற்கு பெர்க்கிலி கிளிஞ்சல் மேட்டின் ஒரு பகுதி கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, அதை வாங்கிப் பழங்குடிப் பெண்கள் தலைமையிலான சொகோரியா டே நில அறக்கட்டளையிடம் ஒப்படைக்க 2024 மார்ச்சில் நகர மன்றம் முடிவெடுத்தது. அதே 2024 ஜனவரியில் மக்கள் பூங்காவைச் சுற்றி, இராத்திரியோடு இராத்திரியாகப் போலீஸ் காவலுடன், கப்பல் கொள்கலன்களை அடுக்கிச் சுவர் எழுப்பியது பல்கலைக்கழகம். ஜூனில் மாநில உச்ச நீதிமன்றமும் கட்டடம் கட்ட வழிவிட்டது. ஆக, 1969இல் இரத்தம் சிந்திய நிலம் போய்விட்டது. அதன் 'இணைப்பு' மட்டும் பூங்காவாக நிற்கிறது.

4

பராமரிப்பு என்கிற விஷயத்துக்கு வருவோம். ஒலோனி நாய்ப் பூங்காவுக்கு அங்கே வருபவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். மரச்சீவல் பரப்புவது, பை வாங்கி வைப்பது, தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவுவது, புதிதாக வருகிறவருக்கு விதிகளைச் சொல்வது, குரைப்புச் சத்தம் தாங்க முடியவில்லை என்று வருகிற அண்டைவீட்டாரோடு பேசுவது – இப்படிப்பட்ட பெயரில்லாத வேலைகள். பின்னால் வந்த எத்தனையோ நாய்ப் பூங்காக்கள் இந்த மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டன.

இதைக் கொண்டாடலாமா? கொண்டாடுவதற்கு முன்னால் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1978 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியா வாக்காளர்கள் 'பதின்மூன்றாம் முன்மொழிவு' என்பதை நிறைவேற்றினார்கள். சொத்து வரிக்குச் சொத்து மதிப்பில் ஒரு சதவீதம் என்று உச்சவரம்பு விழுந்தது. உள்ளாட்சிகளின் வருமானம் ஒரேயடியாகச் சரிந்தது. நூலகங்களும் பூங்காக்களும் அடிவாங்கின. அடுத்த ஆண்டுதான் ஒலோனியில் நாய்களுக்கு வேலி போடப்பட்டது. ஒன்றால் இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் காசில்லாத நகராட்சிக்கு 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு கூட்டம் வந்து நிற்பது எவ்வளவு இனிப்பான செய்தியாக இருந்திருக்கும்!

இங்கேதான் நம் சிந்தனை வழக்கமாகத் தடுமாறுகிறது. மக்கள் தாமே ஓரிடத்தைப் பராமரிப்பதை ஒரு பக்கம் 'சுயநிர்வாகம்' என்று தூக்கி வைக்கிறோம். இன்னொரு பக்கம் 'அரசு கைகழுவியதை மக்கள் தலையில் கட்டுவது' என்று தள்ளிவிடுகிறோம். இரண்டும் உண்மை, ஒரே வேலையின் இரண்டு முகங்கள். மரச்சீவல் பரப்புகிற கைக்கு இந்த இரண்டில் எது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சங்கத்துக்குத் தெரிய வேண்டும். உழைத்தோம், எனவே எங்களுக்கு இடம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. உழைத்தோம், எனவே இடம் எங்களுடையது, வேறு யாரும் வரக்கூடாது என்பது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதுக்கு வழுக்கி விழ ரொம்ப நேரம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பராமரிக்க நேரம் யாரிடம் இருக்கிறது? இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவளுக்கும் நாய் உண்டு. சனிக்கிழமை காலைக் கூட்டத்துக்கு அவளால் வர முடியாது. வராதவளின் குரல் விதிப்பலகையில் ஏறாது. சுயநிர்வாகத்தை நேசிக்கிற நாம் இதைப் பேசாமல் விட்டால் நேரமும் வசதியும் உள்ளவர்களின் ஆட்சியைத்தான் சுயநிர்வாகம் என்று அழைத்துக்கொண்டிருப்போம்.

5

வழுக்கி விழுந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கம் சாட்சி. மான்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருக்கிற இந்தப் பூங்காவுக்குப் பழைய வரலாறு உண்டு. 1874 ஜனவரி 13 அன்று வேலையற்ற தொழிலாளர்கள் அங்கே கூடியபோது குதிரைப் போலீஸ் தடியோடு அவர்கள் நடுவில் புகுந்தது. 114 ஆண்டுகள் கழித்து, 1988 ஆகஸ்ட் 6 இரவு, அதே இடத்தில் அதே காட்சி. வீடற்றோரும் கலகக்கார இளைஞர்களும் கூடும் பூங்காவை நள்ளிரவில் மூடுவதற்காகப் போலீஸ் இறங்கியது. வழியில் போனவர்களையும் விட்டுவைக்காமல் அடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள் பதிவாயின.

ஏன் இந்த அவசரம்? பூங்காவைச் சுற்றியிருந்த பழைய குடியிருப்புகளின் விலை ஏறத் தொடங்கியிருந்தது. பூங்காவின் கிழக்கே நின்ற கிறிஸ்டடோரா கட்டடம் ஒருகாலத்தில் குடியேறிய ஏழைகளுக்கான சேவை மையம். 1980களில் அது சொகுசு அடுக்குமாடி வீடுகளாக மாறியது. இந்த மேட்டுக்குடியாக்கத்தின் அடையாளமாகவே அது பார்க்கப்பட்டது. 1988 இரவில் கலகக்காரர்கள் அதன் வாசலைத்தான் உடைத்தார்கள்.

1990இல் இந்தப் பூங்காவில் நாய்களுக்கான அடைப்பு வந்தது. நியூயார்க்கின் முதல் நாய் ஓட்டவெளி அதுதான் என்று சொல்லப்படுகிறது. 1991 ஜூன் 3 அன்று அங்கே கூடாரம் போட்டு வாழ்ந்த வீடற்றோரைப் போலீஸ் வெளியேற்றியது. பூங்காவைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. சீரமைப்பு என்று காரணம் சொன்னார்கள். புவியியலாளர் நீல் ஸ்மித் 1996இல் வெளியிட்ட தன் நூலில் ஒரு விவரத்தைப் பதிவு செய்கிறார். பூங்கா மூடப்பட்ட பிறகும் காவலுடன் மூன்று வழிகள் திறந்து வைக்கப்பட்டன. இரண்டு வழிகள் குழந்தைகளின் விளையாட்டிடங்களுக்கு. மூன்றாவது, கிறிஸ்டடோராவுக்கு எதிரே இருந்தது, நாய்களின் அடைப்புக்கு.

இதை வாசிக்கும்போது தொடக்கத்தில் கேட்ட கேள்வி திரும்பி வருகிறது: மனுஷனுக்கே இடமில்ல. ஆனால் கோபம் நாயின்மேல் திரும்பினால் அதைப்போல் ஏமாளித்தனம் வேறில்லை. வீடற்றோர் பலரிடமும் நாய் இருந்திருக்கும். அந்த நாய்களையும் சேர்த்துத்தான் விரட்டியிருப்பார்கள். அன்று பிரிக்கப்பட்டது நாயும் மனிதரும் அல்ல. முகவரி உள்ளவரும் இல்லாதவரும். 1992இல் பூங்கா திறக்கப்பட்டபோது கூட்டங்களும் இசையும் நடந்த பழைய மேடை இடிக்கப்பட்டிருந்தது. நாய் அடைப்பு நிலைத்தது. ஹாலோவீன் சமயத்தில் நாய்களுக்கு வேஷம் கட்டி நடத்துகிற ஊர்வலம் பின்னர் நாடறிந்ததாகி, அடைப்பின் பராமரிப்புக்கு நிதி சேர்த்துத் தந்தது. அந்த ஊர்வலத்தில் மகிழ்ச்சியாகப் போனவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. 1991இல் அவர்களுடைய கதவு திறந்திருக்கையில் பக்கத்துக் கதவு ஏன் மூடப்பட்டது என்று கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

6

நகரத்துக்கான உரிமை என்று ஆன்ரி லெஃபெவ்ர் 1968இல் எழுதினார். நகரத்தை உண்டாக்குகிறவர்களுக்கு அதைப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் உள்ள உரிமை அது. நாய்ப் பூங்கா அந்த உரிமையின் மிகச் சிறிய ஒரு நடைமுறை. பேர் தெரியாதவர்கள் தினமும் சந்திக்கிறார்கள். நாயின் பெயர் தெரியும், ஆளின் பெயர் தெரியாது. தனித்து வாழும் ஒரு கிழவருக்கு அந்த அரை மணி நேரம்தான் அன்றைய பேச்சாக இருக்கலாம். இதை இளக்காரமாகப் பார்ப்பது புரட்சிகரமும் அல்ல, அறிவும் அல்ல.

இந்த வடிவம் இப்போது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 2018இல் ஹைதராபாத் மாநகராட்சி கொண்டாப்பூரில் ஒரு நாய்ப் பூங்காவைத் திறந்தது. சுற்றிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிகளும். ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். அமெரிக்க நகரத்தில் வாரில் கட்டிய நாயை அவிழ்க்க இடம் தேடினார்கள். நம் தெருவில் நாய் அவிழ்ந்தேதான் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் 'சமூக விலங்கு' என்று குறிப்பிட்டன. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது; சோறு வைக்க வார்டுதோறும் இடம் குறிக்கச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றவும், திரும்ப விடாதிருக்கவும் உத்தரவிட்டது. நாய் கடித்துச் சாகிற குழந்தைகளில் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்குகிற குழந்தைகள் உண்டு என்பதை மறந்துவிட்டு இதில் யாரும் கருணை பேச முடியாது. நாய்களை ஒழித்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு வீடு கிடைத்துவிடும் என்றும் யாரும் நடிக்க முடியாது.

நாளைக்கு நம் ஊர்களிலும் புறம்போக்கின் ஒரு துண்டில் நாய்ப் பூங்கா கேட்டு யாராவது கையெழுத்து வாங்க வரலாம். போட வேண்டும் என்றோ கூடாது என்றோ பொதுவாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போடுவதற்கு முன் அந்தத் துண்டில் இதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். போட்ட பிறகு பையை எடுத்துக்கொண்டு போய் அள்ளலாம், மரச்சீவல் பரப்பலாம், சங்கத்தில் சேரலாம், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லிச் சண்டை போடலாம். பூங்காவின் மற்றொரு பக்கத்தில் படுத்திருப்பவர்களை எழுப்பி அனுப்பப் போலீஸ் வருகிற அன்றைக்கு, நம் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போய் உட்கார்ந்துவிடக் கூடாது.